பன்னெண்டு கேஜ் அக்கா

"தம்பி, பன்னெண்டு கேஜுங்க. ஒரு பக்கத்து ஊசி சரியா அடிக்க மாட்டேங்குது. லென்ஸ எடுத்துக்கிட்டுச் சித்த ஊட்டுப்பக்கம் வர முடியுங்களா?"

போனில் வந்த இந்தக் குரல்தான் எனக்கும் அந்த அக்காவுக்கும் முதல் பழக்கம். நான் நிட்டிங் மெஷின் பிட்டர். விளாத்திகுளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தவன். ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதுதான் எங்கள் தொழிலில் கேஜ். எண் ஏற ஏற ஊசி மெலியும், துணியும் மெல்லிசாகும். திருப்பூர் பனியனுக்கு இருபத்து நாலு, இருபத்தெட்டு என்று ஓடும். பன்னெண்டு என்றால் குளிர்நாட்டுக்காரன் போடுகிற ஸ்வெட்டர் கனம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் யார் ஸ்வெட்டர் ஓட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரே யோசனை. மூன்று கடை ஏறி இறங்கி, இருக்கிறதா என்று கேட்டதற்கே சிரித்த கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு பெட்டி பன்னெண்டு கேஜ் ஊசி வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டை ஒட்டியே அவர் யூனிட். ஆறு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒன்றுகூடப் பன்னெண்டு இல்லை. அக்கா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, பீரோவைத் திறந்து நீளமாக ஒரு தோல்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குள் இருந்தது ரெட்டைக்குழல் துப்பாக்கி.

நான் ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் விளக்கினார். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அடங்குமோ அந்தக் குழல் பன்னெண்டு. இருபது உருண்டையாக்கினால் இருபது. எண் ஏற ஏறக் குழலும் மெலியும். "உங்க மெஷினும் இதும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சதுங்க தம்பி" என்றார். ஊசி என்று அவர் சொன்னது, குதிரை விழும்போது உள்ளே போய்த் தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற சின்ன இரும்பை.

குதிரை என்றால் சுத்தியல் மாதிரிக் குழலுக்குப் பின்னால் நிற்பது. இந்தத் துப்பாக்கிக்கு வெளியே தெரிகிற மாதிரி ரெண்டு குதிரை. இப்போது வருகிறவைகளில் அது உள்ளே ஒளிந்திருக்குமாம். இது அவருடைய அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்தது. கணியூர்ப் பக்கம் கரும்புக்காட்டுக்குக் காவலாக இருந்திருக்கிறது. பாகம் பிரித்தபோது ஆளாளுக்குக் காட்டையும் கிணற்றையும் கேட்க, இந்த அக்கா துப்பாக்கியைக் கேட்டாராம். உறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் சிரித்தார்களாம். "அவங்க காட்டுல இப்ப பிளாட் போட்டாச்சுங்க. என்ற கரும்பு மட்டும் இன்னும் இனிச்சுக்கிட்டிருக்குது" என்பார், துப்பாக்கியைத் தடவிக்கொண்டே.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது ஊசியின் முனை காளான் மாதிரி மழுங்கியிருந்தது. லேத்தில் போட்டால் ஒரு மணி நேர வேலை, செய்து தருகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். பார்ப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாராம்; கைவைக்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரருக்கு மட்டும்தான் உரிமையாம். "நாம பண்ணுனா நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்குதேன்னுதானுங்க தப்பே ஆரம்பிக்குது." அந்தக் கடைக்காரர் ஊசி செய்து கொடுக்க நாற்பது நாள் ஆனது. நாற்பது நாளும் வாரம் ஒருமுறை துப்பாக்கியை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். "சுடறது ஒரு நொடி, தொடைக்கறது ஒரு பொழுது" என்பது அவர் வாக்கு. இந்த வாக்கை நான் மெஷின்காரப் பையன்களிடம் எத்தனையோ தடவை என்னுடையது மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

துடைத்து முடித்ததும் குழலை மட்டும் தனியாகக் கழற்றி, வாசலுக்கு வந்து, ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்து உள்ளே பார்ப்பார். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை பத்தாது. உள்ளே இரும்பு என்று ஒன்று இல்லை. வெளிச்சம்தான் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வளையத்துக்கு அப்பால் காசு அளவுக்கு நீல வானம். இருபது வருஷமாக சிலிண்டருக்குள் தலையைவிட்டுப் பிழைப்பவன் நான், அப்படி ஒரு பளபளப்பை எந்த மெஷினிலும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற அக்கா, தன் பிள்ளை மார்க் அட்டையை ஊரார் பார்க்கும்போது நிற்கிற தாய் மாதிரி நின்றார்.

ரெண்டு குழலும் ஒரே சுபாவம் இல்லை என்பதை அப்போதுதான் சொன்னார். வலது குழல் வாய் கொஞ்சம் அகலம், தோட்டாவுக்குள் இருக்கிற ஈய ரவையைச் சிதறவிடும். இடது வாய் கொஞ்சம் இறுக்கம், ரவை ஒன்றாகவே தூரம் போகும். "வலது வாயாடி, இடது அழுத்தக்காரி. கிட்டக்க இருக்கறதுக்கு வாயாடி போதும். எட்டப் போனதுக்கு அழுத்தக்காரிதான் ஆகோணும்."

இத்தனை நெருங்கிப் பழகினபிறகும் ஒரு தடவை அவர் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன். புது ஊசி போட்டு வந்த அன்று, துப்பாக்கியைத் திறந்து, ரெண்டு குழலும் காலி என்று எனக்குக் காட்டி, மூடி, என் கையில் கொடுத்தார். நான் கனம் பார்க்கிற ஆசையில் அப்படியே தோளில் வைத்துச் யூனிட்டை ஒட்டிய சுவர்ப்பக்கம் திரும்பினேன். அவர் உள்ளங்கை குழலுக்கு அடியில் வந்து அதை மேலே தூக்கியது. அவர் வயதுக்கு அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"காலிதானக்கா. நீங்கதான காட்டுனீக."

"சுவத்துக்கு அக்கட்டால டீ குடிக்கறாங்க தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அதன்பிறகு மூன்று வாரம் பெட்டி என் முன்னால் திறக்கவில்லை. மோர் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவரிடம் ஒன்றைக் கவனித்தேன். அந்த அக்கா யாரையும் விரல் நீட்டிக் காட்டுவதே இல்லை. எங்கள் தொழிலே விரலில் நடக்கிற தொழில். துணியில் ஓட்டை விழுந்தால் ஆபரேட்டரை நீட்டுவோம், ஆபரேட்டர் நூலை நீட்டுவான், நூல்காரன் மில்லை நீட்டுவான். இவர் யூனிட்டில் பீஸ் டேமேஜ் ஆனால், துணியை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையை மல்லாத்தி அதற்கு அடியில் வைப்பார், குழந்தைக்குத் தாங்கு கொடுப்பது மாதிரி. "இங்க ஒண்ணு ஆகிப்போச்சுங்க" என்பார். யாரால் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. கத்தரிக்கோலைக் கொடுத்தால் பிடி நம் பக்கம் இருக்கும். அருள்புரத்துக்கு வழி கேட்டு லாரிக்காரர் நிறுத்தினால், ரோட்டுக்கு இறங்கிப் போய், தானே அந்தத் திசையில் திரும்பி நின்றுகொண்டு, "என்ற மூக்குக்கு நேராப் போங்க" என்பார். கேட்டால், "நீட்டறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு தெரிஞ்சிருக்கோணும். மனுசனுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்?" என்றார். துப்பாக்கி பிடிக்கப் பழகினபோது அப்புச்சி சொன்ன முதல் பாடமாம். சுட்டது குறியில் நிற்காது, அதற்குப் பின்னாலும் போகும்.

இந்தச் சுபாவம்தான் அவருக்கு ஆபத்தாக வந்தது.

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம். தோட்டத்துக்காக வாங்கிய லைசென்ஸ், ஆனால் இப்போது தோட்டம் இல்லை. துப்பாக்கி எதற்குத் தேவை என்று புதிதாகக் காரணம் எழுத வேண்டும். காரணம் சரியில்லை என்றால் புதுப்பிக்க மாட்டார்கள். தவணை முடிகிற நாளில் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். லைசென்ஸ் ஆபீசுக்கு வெளியே ஃபாரம் எழுதித் தருகிற ஒருவர், நல்ல மனுஷர்தான், அனுபவசாலி. எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே வந்து, காரணம் எழுதுகிற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். உயிருக்கு ஆபத்து என்று போட்டால்தான் ஃபைல் நகரும் என்றார். யாரால் ஆபத்து என்று கேட்பார்களே என்றேன் நான். அதற்கு அவரிடம் வழி இருந்தது.

"அக்கா, உங்க யூனிட்ல வடக்கத்தி ஆளுக எத்தன பேரு?"

"ஒம்போது பேருங்க."

"அவங்களால பயமா இருக்குதுன்னு ஒரு வரி போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

அக்கா, "காலைல அவங்க வெச்ச பருப்பக் குடிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறனுங்க" என்றார். ஃபாரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் தானே ஒரு சொல்லை எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சந்தோசம்' என்று இருந்தது.

எழுதுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இது கவர்மென்ட் ஃபாரம்."

"கவர்மென்ட்டுக்கும் தெரியட்டுமுங்க."

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்குத் துப்பாக்கி என்றால் காதைப் பொத்திக்கொள்கிற சுபாவம். "அது சத்தம் போட்டாலும் பயம், இவ சத்தம் போட்டாலும் பயம்" என்று என்னிடம் சொல்லி, என்னைத் துணைக்கு அனுப்பினார். அதிகாரி நடுவயதுக்காரர், கடுமையாகப் பேசவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் வந்து அதையே பார்த்தார். உதவி செய்கிற தொனியில்தான் கேட்டார்: யாராவது மிரட்டியிருக்கிறார்களா, ஒரு பேர் சொன்னால் போதும், போட்டுக்கொள்கிறேன்.

"ஒருத்தருமில்லீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பேர் இல்லாட்டி எனக்கு எழுதறதுக்கு ஒண்ணுமில்ல."

"நெம்ப யோசிச்சுட்டனுங்க. எல்லாரும் நல்லவிங்களாத்தான் இருக்கறாங்க."

அவர் சிரிக்கவில்லை. சந்தோஷம் என்று சட்டத்தில் இல்லை, விளையாட்டு என்று இருக்கிறது. சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, அங்கே சுட்டுக் காட்டி, அவர்கள் கொடுக்கிற கடிதத்தைக் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார். தவணை முடிய ஒரு மாதம் இருந்தது.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிளப். காலை வெயிலில் பெரிய வெட்டவெளி, தூரத்தில் மண்மேடு. ஆரஞ்சு நிறத்தில் சாஸர் அளவுக்கு மண் தட்டு. மெஷின் அதை ஆகாயத்தில் வீசும், பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். இருபத்தைந்தில் பதினைந்து உடைத்தால் கடிதம். சுட வந்தவர்கள் எல்லாரும் தொப்பியும் கூலிங்கிளாசுமாக, புதுத் துப்பாக்கி. அறுபதை ஒட்டிய ஒரு அம்மணி, சேலையை இழுத்துச் செருகி, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, குதிரை வெளியே நிற்கிற துப்பாக்கியோடு வந்ததைப் பார்த்து ஒருவர் மியூசியத்திலிருந்து நேராக வருகிறீர்களா என்றார். "இல்லீங்க, நெருப்பெரிச்சல்ல இருந்து" என்றார் அக்கா.

அங்கே ஒரு வழக்கம். சுடுகிறவர் தயாரானதும் இங்கிலீஷில் "புல்", அதாவது இழு, என்று கத்துவார், பித்தானுக்குப் பொறுப்பானவர் அழுத்துவார், தட்டு கிளம்பும். அக்கா போய் நின்றார். தோட்டாக்களைப் போட்டு மூடினார். ரெண்டு குதிரையையும் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினார், டக், டக். தோளில் வைத்தார். பிறகு, பந்தியில் தண்ணீர் கேட்கிற குரலில், "உடுங்க" என்றார்.

ஒன்றும் வரவில்லை. பித்தான்காரருக்கு அது தனக்கான உத்தரவு என்றே தெரியவில்லை. அக்கா துப்பாக்கியை இறக்காமல் இன்னொரு தடவை, "சாமி, உடுங்க" என்றார். நான்தான் ஓடிப்போய், அண்ணே, அதுதாண்ணே புல் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தட்டு கிளம்பிவிட்டது.

வாயாடி பேசியது. தட்டு இருந்த இடத்தில் ஆரஞ்சுப் பொடி நின்றது. காற்று அதை மெல்லக் கலைத்தது. மருந்து வாசம் எங்கள்மேல் வந்தது. சிரித்தவர்கள் வாயைத் திறந்தபடியே இருந்தார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அறுபது வயதும் அந்த முகத்திலிருந்து எங்கேயோ போயிருந்தது. வெற்றிச் சிரிப்பு இல்லை அது. கோயில் நடை திறக்கும்போது கூட்டத்தின் முதல் வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தில் ஒன்று வருமே, அது. நான் கைகூப்பிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் எல்லாத் தட்டும் அப்படிப் போகவில்லை. சிலது வாயாடிக்கும் தப்பி, அழுத்தக்காரிக்கும் தப்பி, புல்லில் போய் விழுந்தது. தப்பும்போதும் அவர் முகம் வாடவில்லை. தட்டு போன வழியையே பார்த்து, "கெட்டிக்காரி" என்று அதை மெச்சுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். மூன்றாவது ஞாயிறு கடிதத்துக்கான சுடுதல். அதற்குள் பித்தான்காரர் "உட்டாச்சுங்க்கா" என்று பதில் சொல்லப் பழகியிருந்தார்.

முடிந்தபோது எண்ணிக்கை பதினாலு.

கிளப் செயலாளர் தங்கமான மனிதர். ஒன்றுதானே அம்மா, காற்று அடித்தது, பதினைந்து என்று எழுதித் தருகிறேன் என்றார். அக்கா தலையாட்டினால் போதும், துப்பாக்கி வீட்டில் இருக்கும். அக்கா துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டாக்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"பதினாலுன்னே எழுதுங்க சாமி. தப்புனது பதினொண்ணும் அங்க முழுசாக் கெடக்குதுங்க. அதுகளுக்குத் தெரியும்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். அவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு, எந்தத் தட்டு எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாக, சாப்பிட்ட பலகாரத்தைச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது அதே அதிகாரியின் அறையில் மறுபடி உட்கார்ந்தோம். அவர் கடிதத்தைப் படித்தார்.

"பதினாலுன்னு போட்டிருக்கு. பதினஞ்சு கேப்பாங்களே."

"கேட்டாங்க. நானுதான் அடிக்கலைங்க."

அவர் கடிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். பதினைந்து என்பது கிளப்பின் கணக்கு, தன் தாளில் அந்தக் கட்டமே இல்லை என்றார். தன் தாளில் இருப்பது ஒன்றுதானாம்: காரணம் தனக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார்.

"அப்படி என்னம்மா சந்தோசம் அதுல?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். வாக்குக்குப் பஞ்சமே இல்லாத அந்த அக்காவுக்குச் சொல் கிடைக்காமல் நான் பார்த்தது அன்று மட்டும்தான். எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். கீழே யாருமில்லை, எதிரே வேப்பமரத்து உச்சியும் வானமும்தான். நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் காலை அகற்றி நின்றார். கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்தக் கையால் ரெண்டு குதிரையையும் இழுத்து நிறுத்தினார். கட்டையைத் தோளில் வைத்தார், கன்னத்தைச் சாய்த்தார். அறையில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த பெண் கட்டுவதை நிறுத்தினார். வாசலில் நின்ற காவலர் உள்ளே ஒரு அடி வந்தார். அக்காவின் இடுப்பிலிருந்து உடம்பு மெல்லத் திரும்பியது, இடமிருந்து வலமாக, ஏறிக்கொண்டே. சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் நாலு பேரும் தலையைத் திருப்பி அந்தத் தட்டைப் பார்த்தோம். அது வேப்பமரத்துக்கு மேலே ஏறிப் போனது. அவர் விரல் ஒரு தடவை மடங்கியது. அப்புறம் இன்னொரு தடவை.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"பட்டுச்சுங்களா?"

அக்கா கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "தப்பிருச்சு."

அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, ஃபைலை இழுத்து, கையெழுத்துப் போட்டார்.